ஒரு முத்திரையும் ஐந்நூறு அஞ்சல் பெட்டிகளும்

காலையில் அலுவலகக் கணினியில் மின்னஞ்சலைத் திறக்கும்போது கடவுச்சொல் கேட்கிறது, கொடுக்கிறோம். அதற்குப் பிறகு மாலைவரை நூறு கடிதங்களைப் படித்தாலும் மறுபடி கேட்பதில்லை. சில சேவைகள் நாள்கணக்கில் கேட்பதில்லை. இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பது நாம்தான் என்று எதிர்முனைக்கு எப்படித் தெரிகிறது? நம்மை ஞாபகம் வைத்திருக்கிறது என்று சொல்ல முடியாது. பெரிய மேகச் சேவைகளில் கடவுச்சொல்லைச் சரிபார்த்த கணினி ஒன்று, அடுத்த நொடியில் கடிதத்தை எடுத்துக் கொடுக்கும் கணினி வேறொன்று. இரண்டும் வெவ்வேறு ஊர்களில்கூட இருக்கலாம். நம்மைப் பார்த்திராத அந்த இரண்டாவது கணினி எதை நம்பி நம் அஞ்சல் பெட்டியைத் திறக்கிறது?

சொந்தமாகக் கணினிகளை வாங்கி வைக்காமல், ஒரு நிறுவனத்தின் தரவு மையத்தில் உள்ளவற்றை இணையம் வழியாக வாடகைக்குப் பயன்படுத்துவதே மேகக்கணிமை. உலகம் முழுக்க அரசுகள் தங்கள் கடிதங்களையும் கோப்புகளையும் குடிமக்களின் பதிவுகளையும் அங்கே கொண்டுபோய் வைத்துக்கொண்டிருக்கின்றன. இதில் உள்ள ஆபத்து என்றதும் பலருக்கு மனத்தில் வருவது, நம் பொருள் அடுத்தவர் கட்டடத்தில் இருக்கிறதே என்ற கவலை. 2023இல் அமெரிக்க அரசுக்கு நேர்ந்ததைப் பார்த்தால், கட்டடத்தைவிட முன்பத்தியில் கேட்ட அந்தச் சின்னக் கேள்வி முக்கியமானது என்று புரியும்.

அந்தக் கேள்விக்குப் பதில் ஒரு சீட்டு. கடவுச்சொல் சரியாக இருந்தால் முதல் கணினி ஒரு மின்னணுச் சீட்டைத் தயாரித்து நம் உலாவியிடம் தருகிறது. 'இவர் இன்னார், இன்ன அஞ்சல் பெட்டியைத் திறக்கலாம், இத்தனை மணிவரை செல்லும்' என்பதுதான் அதில் இருக்கும் வாசகம். துறையில் இருப்பவர்கள் இதை டோக்கன் என்பார்கள். அனுமதிச் சீட்டு என்று நாம் வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு கடிதத்தைத் திறக்கும்போதும் உலாவி இந்தச் சீட்டை நமக்குத் தெரியாமலேயே நீட்டிக்கொண்டிருக்கிறது. இப்படியொரு வாசகத்தை யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாம் என்பதால் சீட்டின் அடியில் ஒரு மின்னணுக் கையொப்பம் இருக்கும்.

இ-சேவை மையங்கள் வருவதற்கு முந்தைய சாதிச் சான்றிதழை நினைத்துக்கொள்ளுங்கள். கல்லூரிச் சேர்க்கையில் அதை வாங்கிப் பார்க்கும் எழுத்தர், வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கேட்பதில்லை. முத்திரையைப் பார்ப்பார், மாதிரி அச்சோடு பொருந்தினால் ஏற்றுக்கொள்வார். மேகத்திலும் அதுவேதான். முத்திரைக்கு இணையானது மறைச்சாவி, சீட்டு தரும் இடத்தில் மட்டும் இருக்கும் ஒரு நீண்ட ரகசிய எண். மாதிரி அச்சுக்கு இணையானது பொதுச்சாவி. அதை எல்லாக் கணினிகளுக்கும் வெளிப்படையாகக் கொடுத்துவிடலாம். ஒரு வித்தியாசம் உண்டு. அச்சைப் பார்த்தே ரப்பர் முத்திரை செய்துவிடும் கைகாரர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். கணிதத்தில் அச்சிலிருந்து முத்திரைக்குத் திரும்பிப் போக நடைமுறையில் வழியில்லை. அதனால் முத்திரையைக் கைப்பற்றுவது ஒன்றுதான் போலிச் சீட்டுக்கு வழி. கைப்பற்றிவிட்டால், கடவுச்சொல் எவ்வளவு கடினமாக இருந்தாலும் செல்பேசிக்கு வரும் ஓடிபி எத்தனை இலக்கமாக இருந்தாலும் பயனில்லை. அந்தச் சோதனைகளெல்லாம் சீட்டு வாங்கும் இடத்தில் நடப்பவை. சீட்டைத் தானே அச்சிட்டுக்கொள்பவன் அந்த வரிசையில் நிற்பதே இல்லை.

2023 ஜூன் 15ஆம் தேதி அமெரிக்க வெளியுறவுத் துறையின் கணினிப் பாதுகாப்புப் பிரிவில் ஓர் எச்சரிக்கை மணி அடித்தது. அதை அடிக்கவைத்தது, அந்தத் துறையினர் தாங்களே எழுதி வைத்திருந்த ஒரு விதி. அதற்கு 'பிக் யெல்லோ டாக்சி' என்று பெயர்கூட வைத்திருந்தார்கள். எந்தக் கடிதத்தை எந்தச் செயலி எப்போது திறந்தது என்று வரிவரியாகக் காட்டும் பதிவேட்டை அது கவனித்துக்கொண்டே இருக்கும். வழக்கமாக அஞ்சல் பெட்டிகளைத் தொடாத ஒரு செயலியின் அடையாளம் அதில் தென்பட்டால் சத்தம் போடும். இந்த மாதிரிச் சத்தம் பெரும்பாலும் பொய்யாகத்தான் போகும் என்பது இந்த வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும். அவர்கள் அப்படி விடவில்லை. மறுநாள் மைக்ரோசாப்ட் நிறுவனத்திடம் சொன்னார்கள், ஏனென்றால் அந்த அஞ்சல் பெட்டிகள் இருந்தது மைக்ரோசாப்டின் மேகத்தில்.

யாரோ ஊழியர்களின் கணினிகளில் புகுந்து உண்மையான சீட்டுகளைத் திருடியிருக்கிறார்கள் என்றுதான் மைக்ரோசாப்ட் முதலில் நினைத்தது. பிறகு சீட்டுகளின் கையொப்பத்தையே ஆராய்ந்தபோதுதான் விஷயம் விளங்கியது. அவை நிறுவன வாடிக்கையாளர்களுக்கான சாவியால் ஒப்பமிடப்பட்டவையே அல்ல. வீட்டு உபயோகக் கணக்குகளுக்கு, அதாவது சாதாரண மக்கள் வைத்திருக்கும் இலவச மின்னஞ்சல் போன்றவற்றுக்குச் சீட்டு அச்சிடும் சாவி அது. 2016இல் உருவாக்கியது, 2021 மார்ச்சிலேயே ஓய்வு கொடுத்திருக்க வேண்டியது. சாவிகளை அவ்வப்போது கையால் மாற்றிக்கொண்டிருந்தார்கள். அப்படி ஒருமுறை மாற்றப்போய்ச் சேவை பெரிய அளவில் முடங்கியது. அந்தப் பயத்தில் 2021இல் மாற்றுவதையே நிறுத்திவைத்தார்கள். மீண்டும் தொடங்கவில்லை.

இங்கே இரண்டு தவறுகள் சேர்ந்தன. வட்டாட்சியர் தர வேண்டிய சான்றிதழை, கால்நடை மருத்துவமனையின் உண்மையான முத்திரையோடு ஒருவர் நீட்டுகிறார் என்று வையுங்கள். அதுவும் காலாவதியான முத்திரை. எழுத்தர், 'அரசு முத்திரைதானே, அச்சும் பொருந்துகிறது' என்று வாங்கிக்கொள்கிறார். இந்தச் சான்றிதழைத் தரும் அதிகாரம் இந்த அலுவலகத்துக்கு உண்டா என்று பார்ப்பது அவர் வேலை, பார்க்கவில்லை. மைக்ரோசாப்டின் அஞ்சல் மென்பொருள் செய்தது இதைத்தான். வீட்டுச் சாவிகள், நிறுவனச் சாவிகள் இரண்டின் மாதிரி அச்சுகளையும் ஒரே இடத்திலிருந்து பெறும் வசதியை அந்நிறுவனம் 2018இல் ஏற்படுத்தியது. அஞ்சல் குழுவினர் 2022இல் அந்த வசதிக்கு மாறியபோது, எந்தச் சாவி எதற்கு என்ற சோதனையும் அதிலேயே அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். அடக்கமில்லை. ஒரு குழு இன்னொரு குழுவைப் பற்றி அனுமானித்துக்கொண்ட ஒரு வரிதான் ஓட்டை.

மே 15 முதல் குறைந்தது ஆறு வாரம் அந்த ஓட்டை வழியே ஆட்கள் போய்வந்தார்கள். 22 அமைப்புகள், ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட நபர்களின் அஞ்சல் பெட்டிகள். சீனாவுக்குச் சிப் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தும் வேலையை நடத்திக்கொண்டிருந்த வணிகத் துறை அமைச்சர் ஜினா ரைமாண்டோ, பெய்ஜிங்கில் இருந்த அமெரிக்கத் தூதர் நிக்கோலஸ் பர்ன்ஸ் ஆகியோருடைய பெட்டிகளும் அவற்றில் உண்டு. வெளியுறவுத் துறையிலிருந்து மட்டும் சுமார் 60,000 கடிதங்கள் போயின. வெளியுறவு அமைச்சர் ஆன்டனி பிளிங்கன் அந்த ஜூன் 18ஆம் தேதி பெய்ஜிங் போய் இறங்கினார் என்பதைச் சேர்த்துப் பார்த்தால், எந்தக் கடிதங்களில் யாருக்கு ஆர்வம் இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம். ஊடுருவிய குழுவுக்கு மைக்ரோசாப்ட் வைத்த பெயர் ஸ்டார்ம்-0558. அது சீன அரசோடு தொடர்புடையது என்பது அமெரிக்க விசாரணையின் முடிவு. சீனா அதை மறுத்தது.

மேகக்கணிமை வளரத் தொடங்கிய காலத்தில் வல்லுநர்கள் பயந்தது வேறொன்றுக்கு. ஒரே இயந்திரத்தில் பல வாடிக்கையாளர்களின் வேலைகள் ஓடும்போது, ஒருவருடைய நிரல் நடுவில் உள்ள தடுப்பைத் தாண்டி அடுத்தவருடைய நினைவகத்தைப் படித்துவிடுமோ என்று கவலைப்பட்டார்கள். ஆய்வுக்கூடத்தில் அப்படிப்பட்ட தாக்குதல்களைச் செய்தும் காட்டினார்கள். அமெரிக்க அரசின் கடிதங்கள் போனபோது அந்தத் தடுப்புகள் எல்லாம் அப்படியே இருந்தன. போனது அடையாளத்தைச் சரிபார்க்கும் இடத்தில். பழைய முறையில் ஒவ்வொரு துறையும் தன் சர்வரையும் தன் சாவியையும் தானே வைத்திருந்தது. பராமரிப்பு மோசமாக இருந்திருக்கலாம். ஆனால் ஒன்றை உடைத்தவர் ஒன்றுக்குள்தான் போக முடியும். மேகத்தில் பல லட்சம் பெட்டிகளுக்குச் சீட்டு வழங்கும் முத்திரைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. செலவு குறைவதும் அதனால்தான், ஒன்று போனால் எல்லாம் போவதும் அதனால்தான்.

அந்தச் சாவி வெளியே போனது எப்படி? 2023 செப்டம்பரில் மைக்ரோசாப்ட் ஒரு விளக்கம் வெளியிட்டது. 2021 ஏப்ரலில் ஒரு கணினி செயலிழந்தது. அப்படி நேரும்போது, காரணத்தைக் கண்டுபிடிப்பதற்காக அந்த நொடியில் நினைவகத்தில் இருந்தது முழுவதும் ஒரு கோப்பில் பதிவாகும். அதில் சாவியும் மாட்டிக்கொண்டது, அந்தக் கோப்பு பாதுகாப்பு குறைந்த இடத்துக்குப் போனது, அங்கிருந்து திருடு போனது என்பது கதை. துப்பறியும் கதைபோல எல்லாம் பொருந்தியது, நானும் ஆர்வமாகத்தான் படித்தேன். 2024 மார்ச்சில் அதே நிறுவனம் அந்த விளக்கத்தைத் திருத்தியது. சாவி இருந்த அப்படியொரு கோப்பைத் தாங்கள் கண்டெடுக்கவே இல்லையாம். இது தானாக வந்த திருத்தம் அல்ல. அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் கீழ் இருந்த இணையப் பாதுகாப்பு மறுஆய்வு வாரியம் திரும்பத் திரும்பக் கேட்ட பிறகு வந்தது. அந்த வாரியம் 2024 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கை, இது தடுத்திருக்கக்கூடிய, நடந்திருக்கவே கூடாத சம்பவம் என்று நேரடியாகச் சொன்னது. நமக்கு இவ்வளவு விவரம் தெரிந்திருப்பதற்கும் அந்த அறிக்கைதான் காரணம். 2025 ஜனவரியில் புதிய அரசு பொறுப்பேற்றதும் வாரியத்தின் உறுப்பினர்கள் அனைவரையும் நீக்கிவிட்டார்கள்.

என்னை அதிகம் உறுத்துவது சாவி அல்ல, பதிவேடு. வெளியுறவுத் துறை பிடித்தது, கடிதம் திறக்கப்பட்டதைக் காட்டும் அந்தப் பதிவேடு அதன் கையில் இருந்ததால். அது எல்லா வாடிக்கையாளருக்கும் கிடைப்பதாக இல்லை. விலை கூடிய உரிமம் வாங்கியவர்களுக்கு மட்டும் கிடைத்தது. சாதாரண உரிமம் வைத்திருந்தவர்களின் பெட்டியை அதே ஆட்கள் அதே நாளில் திறந்திருந்தாலும் அவர்களிடம் பார்ப்பதற்கு ஒன்றும் இருந்திருக்காது. சொந்த சர்வர் வைத்திருந்த காலத்தில் பதிவேடு நம் கட்டடத்திலேயே இருந்தது. மேகத்துக்குப் போனபின் அது விற்பனைப் பொருளாயிற்று. சம்பவம் அம்பலமான அதே ஜூலையில், கூடுதல் பதிவேடுகளை மற்றவர்களுக்கும் கட்டணமின்றித் தருவதாகவும், 90 நாளாக இருந்த சேமிப்புக் காலத்தை 180 நாளாக்குவதாகவும் மைக்ரோசாப்ட் அறிவித்தது.

அப்படியானால் அரசு தன் மேகத்தைத் தானே நடத்தினால் என்ன? அதே மாதங்களில் மைக்ரோசாப்டின் எக்ஸ்சேஞ்ச் அஞ்சல் மென்பொருளை வைத்துக்கொண்டு இன்னோர் அரசு அதைத்தான் செய்துகொண்டிருந்தது. இலங்கையின் 'லங்கா கவர்ன்மென்ட் கிளவுட்' அரசு அமைப்பான தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவரகத்தின் பொறுப்பில் இருந்தது. 2023 ஆகஸ்ட் 26 வாக்கில் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் தாக்கியது. அமைச்சரவை அலுவலகம் உட்பட சுமார் 5,000 அரசு மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. ஓடிக்கொண்டிருந்தது எக்ஸ்சேஞ்ச் 2013 பதிப்பு. அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் தருவதை மைக்ரோசாப்ட் அந்த ஏப்ரலோடு நிறுத்திவிட்டிருந்தது. புதிய பதிப்புக்கு மாறும் திட்டம் 2021 முதலே இருந்தும், பணமில்லாமல் தள்ளிப்போயிருந்தது. நாடே திவாலான காலம், புரிந்துகொள்ளக்கூடியதுதான். காப்புநகலும் அதே வலையமைப்போடு இணைந்தே இருந்ததால் அதையும் சேர்த்துப் பூட்டிவிட்டார்கள். பழைய நகல் ஒன்றிலிருந்து பன்னிரண்டு மணி நேரத்தில் சேவையை மீட்டார்கள், ஆனால் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான கடிதங்கள் திரும்பவில்லை. வாஷிங்டனில் கடிதங்களை யாரோ படித்துக்கொண்டிருந்த அதே வாரங்களில் கொழும்பில் எழுதப்பட்டவை யாருமே படிக்க முடியாதபடி போயின.

ஏழைநாட்டு விவகாரம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. மின்னணு ஆட்சியில் உலகின் முன்வரிசையில் இருக்கும் தென்கொரியாவில், டேஜோன் நகரிலுள்ள தேசியத் தகவல் வள மையம் 2025 செப்டம்பர் 26 அன்று தீப்பிடித்தது. லித்தியம் பேட்டரிகளை இடம் மாற்றும் வேலை நடந்துகொண்டிருந்தது. 709 அரசுச் சேவைகள் நின்றன. அரசு ஊழியர்களுக்கான கோப்புக் கிடங்கான ஜி-டிரைவில் இருந்த 858 டெராபைட் தரவு எரிந்தே போயிற்று. அளவு மிகப் பெரியது என்பதால் வெளியே ஒரு நகல் வைத்திருக்கவில்லையாம். கோப்புகளைத் தனிக் கணினியில் வைக்காமல் ஜி-டிரைவில்தான் வைக்க வேண்டும் என்ற ஒழுங்கை ஒழுங்காகக் கடைப்பிடித்த பணியாளர் மேலாண்மை அமைச்சகம்தான் அதிகம் இழந்தது. பாதுகாப்பு என்றால் திருட்டைத் தடுப்பது என்று மட்டும் நினைத்தால் இப்படித்தான் ஆகும். படிக்கக் கூடாதவர் படிக்காமல் இருப்பது ஒரு பாதி. தேவைப்படும்போது தரவு இருப்பது மறுபாதி.

தரவை நாட்டுக்குள்தான் வைக்க வேண்டும் என்ற வாதத்தையும் இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. 2018இல் அமெரிக்கா இயற்றிய கிளவுட் சட்டத்தின்படி, அமெரிக்க நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் உள்ள தரவு உலகில் எங்கே இருந்தாலும் முறையான ஆணை வந்தால் கொடுத்தாக வேண்டும். பிரெஞ்சுக் குடிமக்களின் தரவு பிரான்ஸின் ஒப்புதலின்றி அமெரிக்காவுக்குப் போகாது என்று உத்தரவாதம் தர முடியுமா என்று 2025 ஜூனில் பிரெஞ்சு செனட் குழு கேட்டபோது, மைக்ரோசாப்ட் பிரான்ஸ் அதிகாரி சத்தியப் பிரமாணத்தின் பேரில் முடியாது என்றார். இதுவரை அப்படி நடந்ததில்லை என்றும் சேர்த்துக்கொண்டார். ஆனால் உக்ரைனுக்கு நாட்டு எல்லையே ஆபத்தாயிற்று. அரசுத் தரவு உள்நாட்டில்தான் இருக்க வேண்டும் என்றிருந்த விதியை அந்நாட்டு நாடாளுமன்றம் 2022 பிப்ரவரி 17 அன்று தளர்த்தியது. ஒரு வாரத்தில் போர் தொடங்கியது, அரசின் தரவு மையம் ஒன்றை ரஷ்ய ஏவுகணை தாக்கியது. அதற்குள் முக்கியமான பதிவேடுகள் வெளிநாட்டு மேகங்களுக்குப் புறப்பட்டிருந்தன. எஸ்டோனியா இதை முன்பே யோசித்துவிட்டது. 2017இல் லக்சம்பர்க்கோடு ஒப்பந்தம் செய்து, தூதரகத்துக்கு உள்ள சட்டப் பாதுகாப்போடு தன் அரசுப் பதிவேடுகளின் நகலை அங்கே வைத்திருக்கிறது.

இந்தியாவில் மத்திய அரசு ஊழியர்களுடையவை உட்பட சுமார் 12 லட்சம் அரசு மின்னஞ்சல் கணக்குகள், தமிழ்நாட்டிலிருந்து வளர்ந்த ஜோஹோ நிறுவனத்தின் தளத்துக்கு மாறியிருப்பது 2025இல் செய்தியாயிற்று. அயல்நாட்டுச் சட்டம் பற்றிய கவலை இதில் குறையும். ஆனால் சீட்டு, முத்திரை, சரிபார்ப்பு என்ற ஏற்பாடு எந்த நிறுவனத்தின் மேகத்திலும் ஒன்றுதான். தரவை மறையாக்கம் செய்து சாவியை அரசே வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். பூட்டி வைக்கும் காப்புநகல்களுக்கு அது நன்றாகவே உதவும். மின்னஞ்சலுக்கு அவ்வளவாக உதவாது. கடிதங்களில் தேடித் தரவும் வைரஸ் வடிகட்டவும் சர்வர் அவற்றைப் படித்தாக வேண்டும். கையொப்பச் சாவிக்கு இப்போது உள்ள நல்ல ஏற்பாடு, அதைத் தனிப் பாதுகாப்பு வன்பொருளுக்குள்ளேயே உருவாக்கி, ஒருபோதும் வெளியே எடுக்காமல், கையொப்பத்தையும் உள்ளேயே போடவைப்பது. மைக்ரோசாப்ட் 2023க்குப் பிறகு தன் சாவிகளை அப்படி மாற்றியிருக்கிறது, மாற்றும் வேலையையும் தானியங்கியாக்கிவிட்டது.

பதிவேட்டைப் பொறுத்தவரை நம்மிடம் விதி இருக்கிறது. கணினி அவசரநிலை அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் பிறப்பித்த ஆணைப்படி, சேவை நடத்துபவர்கள் பதிவேடுகளை 180 நாள் இந்தியாவுக்குள் வைத்திருக்க வேண்டும். சம்பவம் தெரிந்த ஆறு மணி நேரத்தில் தகவல் சொல்ல வேண்டும். நடத்துபவர் வைத்திருப்பார், சரி. ஒரு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் அஞ்சல் பெட்டியை நேற்றிரவு எந்தச் செயலி திறந்தது என்ற வரியை, அந்த அலுவலகமோ அதன் தலைமைத் துறையோ நடத்துபவரைக் கேட்காமலேயே எடுத்துப் பார்க்க முடியுமா? டெண்டர் ஆவணத்தில் எழுதியிருந்தால் உண்டு, எழுதாவிட்டால் இல்லை.